மலைக்குப் போகிற பாதைக்கும் ஒரு சர்வே எண் வேண்டும்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் நம் வயதுக்காரர்கள் பலர் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனைப் பார்த்து வந்திருக்கிறார்கள். ஜோர்டானில் உள்ள பெட்ராவுக்குப் போய், பாறை இடுக்கில் 1.2 கிலோமீட்டர் நடந்து அந்தக் குடைவரை நகரத்தைப் பார்த்தவர்களும் உண்டு. போட்டோ காட்டிச் சொல்லும்போது கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. "நம்ம ஊரில் இந்த மாதிரி என்ன இருக்கு?" என்று முடிக்கும்போதுதான் நான் வாயைத் திறக்க வேண்டியதாகிறது.

என்ன இல்லை? மதுரையைச் சுற்றியுள்ள மலைகளை எண்பெருங்குன்றம் என்று சொல்லும் மரபே இருக்கிறது. பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் தமிழ் பிராமி எழுத்துகள். மாங்குளம் மலைக் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் 1882-ல் கண்டறிந்தார். அதில் இருப்பது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-ல் படித்துச் சொன்னார். நெடுஞ்செழியன் பெயரும், வெள்ளறை நிகமம் என்ற வணிகர் குழுவும் அதில் வருகின்றன. அழகர்மலைக் குகையில் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள் பட்டியலில் உப்பு வணிகர், வெல்லம் விற்றவர், கொழு விற்றவர், மதுரைப் பொன் வணிகர் எல்லாம் இருக்கிறார்கள். சமணமலைப் பேச்சிப்பள்ளத்தில் 9, 10-ஆம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழே வட்டெழுத்து. அச்சணந்தியின் தாயார் குணமதியார் பெயரும் அங்கே இருக்கிறது. யானைமலை அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாளுக்குக் கி.பி. 770-ல் குடைந்த கோயில்.

இதெல்லாம் பலருக்குத் தெரிந்ததுதான். 2010 முதல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் பசுமை நடை குழு மக்களை இந்த மலைகளுக்கு அழைத்துப் போகிறது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறை மேலேயே வைத்து வரலாறு சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. என் கவலை வேறு. குகையைப் பாதுகாக்கிறோம், குகைக்குப் போகிற பாதையைப் பாதுகாப்பதில்லை.

நில அளவைப் பணியில் சங்கிலி பிடித்துக் காலம் கழித்தவன் நான். பதிவேட்டில் ஏறாத பாதைக்கு ஆயுசு கம்மி. எஃப்.எம்.பி. வரைபடத்தில் வண்டிப்பாதை என்று கோடு விழுந்திருந்தால், ஐம்பது வருஷம் கழித்தும் ஒருவர் தாலுகா ஆபீசில் நகல் வாங்கி "இதோ பாதை" என்று காட்டலாம். கோடு இல்லையென்றால் ஆடு மேய்க்கிறவருக்கும் சாமி கும்பிடப் போகிறவருக்கும் மட்டுமே அது பாதை. அவர்கள் போவது நின்றுவிட்டால் சீமைக்கருவேலம் மூடிவிடும். பிறகு யாராவது வேலி போடுவார்கள். கேட்டால், "இங்கே ஏது பாதை?" என்பார்கள். 'கல்லாங்குத்து', 'பாறை' என்று ஒற்றைச் சொல்லில் அ-பதிவேட்டில் கிடக்கும் பல இடங்களுக்கு நானே ஏறி இறங்கியிருக்கிறேன். அங்கே சுனை இருக்கும், கற்படுக்கை இருக்கும், ஊர்க்காரர்கள் பொங்கல் வைக்கும் இடம் இருக்கும். காகிதத்தில் வெறும் பாறைதான். வெறும் பாறை என்று எழுதிய இடத்தைப் பார்த்தால் குவாரிக்காரர் கண்ணுக்குக் கல்தானே தெரியும்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை எல்லை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டு எல்லை. ஆனால் ஊரிலிருந்து மலைக்குப் போகும் வழி அந்த 300 மீட்டருக்குள் அடங்குவதில்லை. கீழவளவுப் பக்கம் போய்ப் பாருங்கள். பஞ்சபாண்டவர் மலை நிற்கிறது, சுற்றிலும் கிரானைட் வெட்டிய பள்ளங்கள். 2012-ல் மாவட்ட ஆட்சியராக இருந்த சகாயம் அந்தக் குவாரி முறைகேடுகளைப் பற்றி அறிக்கை அனுப்பியதும், பின்னர் 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்க நியமித்ததும் நமக்கு நினைவிருக்கும்.

அரிட்டாபட்டி இன்னும் பெரிய பாடம். 2022 நவம்பரில் அங்கே 193.42 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று மாநில அரசு அறிவித்தது. 250 வகைப் பறவைகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள் என்று கணக்கும் சொன்னது. இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கிய இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போய்விட்டது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. சட்டமன்றமும் டிசம்பர் 9-ல் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் ஆயிரக்கணக்கில் மதுரைத் தல்லாகுளம் வரை நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த மக்களுக்கு மலை பொழுதுபோக்கு இடம் அல்ல. குலசாமி இருக்கிற இடம், கண்மாய்க்குத் தண்ணீர் இறங்குகிற இடம். தினமும் கால் படுகிற மலை என்பதால்தான் ஊரே திரண்டது. 2010-ல் யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்கும் யோசனை வந்தபோதும் இதே கதைதான், சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத மலைக்கு இப்படி யார் வந்து நிற்பார்கள்?

கூட்டம் போனால் குப்பை சேரும், பாட்டில் உடையும், கல்வெட்டு மேல் காதலர் பெயர் எழுதுவார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நியாயமான பயம். ஆனால் நான் பார்த்தவரை பாட்டில் உடைவது ஆளரவம் இல்லாத இடத்தில்தான். காலையும் மாலையும் நாலு குடும்பம் ஏறி இறங்குகிற இடத்தில் குடிக்க உட்காருகிறவனுக்குக் கூச்சம் வரும். ஊர்ப் பையன்கள் இரண்டு பேருக்கு வழிகாட்டி வேலையும் சிறு சம்பளமும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கல்லே வெட்டக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. நம் வீட்டு அஸ்திவாரத்திலும் கல் இருக்கிறது. குவாரிக் கூலியில் அடுப்பெரிந்த வீடுகளும் இருக்கின்றன. எந்த மலையை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று முன்கூட்டியே காகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். ஏலம் போன பிறகு ஊரே தெருவுக்கு வந்து போராட வைப்பது நிர்வாகம் ஆகாது.

வசதி செய்கிறோம் என்று தார் ரோடும் ரோப் காரும் சிமெண்ட் யானையும் வேண்டவே வேண்டாம். கிராண்ட் கேன்யனில் பிரைட் ஏஞ்சல் பாதையில் என்ன இருக்கிறது? ஒன்றரை மைலில் ஒரு நிழல் கொட்டகை, மூன்று மைலில் இன்னொன்று, பருவத்தில் குடிநீர்க் குழாய், ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கி ஏற நினைக்காதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகை. அவ்வளவுதான். பள்ளத்தாக்கின் அடிவரை கம்பிவடத்தில் ஆளை இறக்கும் திட்டம் ஒன்று வந்தபோது, அந்நிலத்துக்குரிய நவஹோ பழங்குடியினரின் கவுன்சில் 2017-ல் வேண்டாம் என்றுவிட்டது. நமக்கும் கைப்பிடிக் கம்பி, தண்ணீர், ஒரு கழிப்பறை, நல்ல தமிழில் ஒரு பலகை போதும்.

ஆக வேண்டியது இது. மலையடிவார ஊராட்சிகளின் கிராம சபையில், மலைக்குப் போகும் நடைபாதையை அளந்து, உட்பிரிவு செய்து, பாதைப் புறம்போக்காகப் பதிய வேண்டும் என்று தீர்மானம் போட வேண்டும். நகலைத் தாசில்தாருக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் பட்டா நிலம் வந்தால் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். ஊரில் உட்கார்ந்து பேசினால் தீர்கிற விஷயம்தான். இதனால் ஆக்கிரமிப்பே வராது என்று சொல்ல மாட்டேன். வந்தால் எதிர்த்துக் கேட்கக் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

அன்பர்களே, மார்கழி, தை, மாசி மூன்றும் ஏற்ற மாதங்கள். காலை ஆறு மணிக்கு ஏறி, பாறை சுடுவதற்குள் ஒன்பதுக்கு இறங்கிவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அரிட்டாபட்டி சிவன் குடைவரை, வரிச்சியூர் குன்னத்தூர் இரண்டிலும் தொடங்கலாம். கொஞ்சம் தெம்பிருந்தால் கீழக்குயில்குடி சமணமலை, படியும் கம்பியும் இருக்கின்றன. மாங்குளம் மலை பேரப்பிள்ளைகளுக்கு. உங்கள் சொந்த ஊர் இந்த மலைகளில் ஒன்றின் அடியில் என்றால், அடுத்த கிராம சபைக்கு ஒரு நடை போய் வாருங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். அந்த வேலைதான் எனக்குத் தெரியும்.