மணலில் ஓடுவது தப்பில்லை, சனத்துக்குப் பக்கத்தில் ஓடுவதுதான் தப்பு

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வாசிக்காமல் லைக் போடுகிறவர்களை விட வாசித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் எங்களுக்கு மேல்.

போன கிழமை எங்கள் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு போஸ்டர் சுற்றியது. பெருநாளைக்கு அடுத்த ஞாயிறு மணல்காட்டு மணல் மேடுகளில் பைக் ரேஸ். பரிசுக் காசு வெளிநாட்டிலிருந்து வருகிறது. கீழே ஒரு வரி: குடும்பத்தோடு வாருங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

போஸ்டர் வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஊர் இரண்டாகிவிட்டது. பெரியவர்கள் ஒரு பக்கம்: இது ஷைத்தானின் வேலை, பைக்கை எல்லாம் பறித்துப் பூட்டுங்கள். பொடியன்கள் மறு பக்கம்: உங்களுக்குப் பொறாமை, நீங்கள் உங்கள் காலத்தில் சைக்கிள் மட்டும்தானே ஓடினீர்கள். இரண்டு பகுதிக்கும் எங்களிடம் சொல்ல இருக்கிறது. முதலில் பெரியவர்களுக்கு.

நாங்களும் ஓடுகிறவர்கள்தான். மூன்று வாத்திமார், ஒரு மெக்கானிக், ஒரு மருந்துக்கடைக்காரர். விடுமுறை நாட்களில் சுபஹு தொழுதுவிட்டு வல்லை வெளியால் வெளிக்கிட்டு வடமராட்சி கிழக்குப் பக்கம் போவோம். ஆளுக்கு ஒரு பழைய ஜப்பான் பைக். ஹொண்டா எக்ஸ்ஆர் ஒன்று, யமஹா ரீடபிள்யூ ஒன்று, மற்றவை சொல்லிப் பெருமைப்படுகிற சாமான்கள் இல்லை. பாடசாலையில் கழுத்துப்பட்டியோடு நிற்கிற மனிதர்கள் முழங்கால் வரை சப்பாத்து மாட்டிக்கொண்டு மணலில் விழுந்து எழும்புவதைப் பார்த்தால் எங்கள் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்தச் சுகம் என்னவென்று ஓடாதவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது கஷ்டம். தார் றோட்டில் பைக் நீங்கள் சொன்னதைக் கேட்கும். மணலில் கேட்காது. ரயரில் காற்றைக் குறைக்க வேண்டும், எழும்பி நின்று உடம்புப் பாரத்தைப் பின்னுக்குக் கொடுக்க வேண்டும், முன்சில்லு இடமும் வலமும் ஆடும்போது அதோடு சண்டை பிடிக்காமல் விட வேண்டும். பயந்து எக்சிலேட்டரை விட்டால் சில்லு புதையும். பயந்து முன் பிறேக்கைப் பிடித்தால் நீங்கள் பைக்குக்கு முன்னால் போய் விழுவீர்கள். பயத்தை அடக்கினால்தான் நிமிர்ந்து ஓடலாம். மேட்டின் உச்சியில் ஏறி நிற்கும்போது முன்னால் கடல் தெரியும். 1990 ஒக்டோபருக்குப் பிறகு புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, நாற்பது வயதில் சொந்த மண்ணின் உச்சியில் ஏறி நின்று கடலைப் பார்க்கிறவனுக்கு அது வெறும் விளையாட்டாகத் தெரிவதில்லை.

ஆகவே இதை ஹராம் என்று ஒரு சொல்லில் முடிக்கிற ஹாஜியார்மாருக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறோம். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். புகாரியில் இருக்கிறது. பழக்கி மெலியவைத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஐந்தாறு மைல். பழக்காத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் அளவு. இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் ஓடியவர்களில் ஒருவர். வேகம் தடை செய்யப்படவில்லை என்பதைப் பொடியன்கள் இதிலிருந்து உடனே பிடித்துக்கொள்வார்கள். பழகியதற்கு ஒரு தூரம், பழகாததற்கு ஒரு தூரம் என்று பிரித்ததைப் பிடிக்கமாட்டார்கள். எங்களுக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இனித் தம்பிமாருக்கு.

போஸ்டரில் எத்தனை சீசீ, எந்த வகுப்பு, யார் ஓடலாம், எத்தனை வயது, ஒன்றுமே இல்லை. லைசன்ஸ் எடுக்கப் பதினெட்டு வயது வேண்டும். போஸ்டரைப் பகிர்ந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் வகுப்பறையில் இருக்கிறார்கள், ஓஎல் எழுதவில்லை. வாப்பாவின் பல்சரை எடுத்துக்கொண்டு வருகிறவனும், பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய எக்ஸ்ஆரில் வருகிறவனும் ஒரே கோட்டில் நின்று ஒரே மேட்டில் ஏறப்போகிறார்களா?

ஏறினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும், நடந்துவிட்டது. மணல் மேட்டின் ஒரு பக்கம் சாய்வாக இருக்கும், மறுபக்கம் செங்குத்தாக விழும். உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஏறுகிறவனுக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முந்தி எங்களில் ஒருவர் இந்தப் பக்கத்தாலும் ஒருவர் அந்தப் பக்கத்தாலும் ஒரே உச்சிக்கு ஏறினோம். சத்தம் கேட்கவில்லை, காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. கைப்பிடியும் கைப்பிடியும் முட்டி, ஒருவருக்குக் காறை எலும்பு முறிந்தது, மற்றவரின் கெண்டைக்காலைச் சைலன்சர் சுட்டது. இரண்டு பேரும் ஹெல்மட், சப்பாத்து, முழங்கால் காப்பு எல்லாம் போட்டிருந்தோம். அதனால்தான் இதை எழுத ஆள் இருக்கிறது. அடிபட்டவரை மணலுக்குள்ளால் நடத்தி றோட்டுக்குக் கொண்டுவரவே முக்கால் மணித்தியாலம் போனது. அம்புலன்ஸ் மணலுக்குள் வராது. அதற்குப் பிறகு உச்சியில் ஒருவர் கொடியோடு நிற்காமல் நாங்கள் ஏறுவதில்லை. உங்கள் ரேஸில் கொடியோடு நிற்கப்போவது யார்? பெயரைச் சொல்லுங்கள்.

ஓடுகிறவன் தன் எலும்பைத் தானே பணயம் வைக்கிறான், அது ஒரு கணக்கு. பார்க்க வருகிற பிள்ளை எதையும் பணயம் வைக்கவில்லை. 2024 ஏப்ரல் 21, தியத்தலாவ. ஃபொக்ஸ் ஹில் சூப்பர் குரொஸ். இராணுவம் சேர்ந்து நடத்திய போட்டி, ஓடுபாதை இருந்தது, மஞ்சள் கொடி இருந்தது, உத்தியோகத்தர்கள் நின்றார்கள். பாதையை விட்டு விலகிய ஒரு கார் ஓரத்தில் நின்ற சனத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் மவுத்து. அதில் ஒரு பிள்ளைக்கு 8 வயது. இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். அது கார், இது பைக் என்று சொல்ல வருகிறீர்கள், தெரியும். ஆள் விழுந்த பிறகும் பைக் தனியே ஓடும் தம்பி. மணலில் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஓடியவனுக்கே தெரியாது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு. இராணுவத்தின் ஆட்பலத்தோடும் தவறிய இடத்தில், நீங்கள் நாலு மூங்கில் கம்பும் ஒரு ரிபன் கட்டையும் வைத்துக்கொண்டு உம்மாமாரையும் கைப்பிள்ளைகளையும் வரச் சொல்லுகிறீர்கள்.

இன்னொன்று. மணல்காடு வெறும் வெளி இல்லை. அங்கே சனம் இருக்கிறது. கடற்றொழில் செய்கிற கத்தோலிக்க மக்கள், 2004 டிசெம்பர் 26 அந்தக் கரையில் என்ன செய்தது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மணலில் பாதி புதைந்து நிற்கிற பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் உங்கள் டிக்டொக்குக்குப் பின்னணி இல்லை. கிட்ட அவர்களின் சேமக்காலை இருக்கிறது. எங்கள் மையவாடிக்குள்ளால் யாரோ பைக் ஓடி வீடியோ போட்டால் நாங்கள் என்ன செய்திருப்போம்? ஊர் முழுக்கத் திரண்டு பொலிஸுக்குப் போயிருப்போம். போக வேண்டியதுதான். அதே நியாயம் அவர்களுக்கும் உண்டு.

அந்த மேடுகளைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் ஓரத்துச் சவுக்கு மரங்களும்தான். ரயர் பிடுங்கி எறிகிற கொடி திரும்பப் பிடிக்க எத்தனையோ மழை பெய்ய வேண்டும். கொடி போனால் மணல் பறக்கும், பறக்கிற மணல் வீடுகளுக்குள் போகும். லொறியில் மணல் அள்ளுகிறவர்களைத் திட்டி நாங்கள் எல்லோரும் பதிவு போட்டிருக்கிறோமே, அதே மேட்டை ரயரால் கிளறுவது மட்டும் எப்படிச் சரியாகும்? நாங்களும் இந்த விஷயத்தில் சுத்தமானவர்கள் இல்லை. முந்தி கொடி மேலாலேயே ஓடியிருக்கிறோம். ஒரு மீனவர் ஐயா மறித்து, கத்தாமல், காட்டித் தந்தார். வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து கொடி இல்லாத வெறும் மணல் தடத்தை விட்டு விலகுவதில்லை.

மணல்காடு சரிவராவிட்டால் முகமாலைப் பக்கம் போவோம் என்று ஒரு கொமென்ட் பார்த்தோம். அதை எழுதியவரின் உம்மா இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். முகமாலையில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை அலங்காரத்துக்கு நட்டதல்ல. மிதிவெடி அகற்றுகிற பிள்ளைகள் வருடக்கணக்காக முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகத் தோண்டிய மண் அது. துப்புரவாக்கிய பாதையை விட்டு ஒரு அடி கூட ஓட அங்கே யாருக்கும் உரிமை இல்லை.

கடைசியாக வாப்பாமாருக்கு. உங்களுக்கு நாங்கள் அதிகம் சொல்லப்போவதில்லை, சொன்னால் கோபிப்பீர்கள். ரேஸைத் திட்டுகிற அதே நீங்கள் பெருநாள் இரவு பதினைந்து வயது மகனிடம் சாவியைக் கொடுத்து, தங்கச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாமி வீட்டுக்கு இறைச்சி கொடுத்துவிட்டு வா என்று அனுப்புகிறீர்கள். ஹெல்மட் கைப்பிடியில் தொங்குகிறது, பொலிஸ் நிற்கிற சந்தியில் மட்டும் தலைக்கு ஏறுகிறது, நாடாப் பூட்டுவதில்லை. பண்ணைப் பாலத்தடியில் முன்சில்லைத் தூக்கி ஓடுகிறவன் மணலில் பழகியவன் இல்லை. மணலில் பத்துத் தரம் விழுந்தவன் தாரில் அந்த வேலை பார்க்கமாட்டான், தாரில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குக் கணக்குத் தெரியும். ஒழுங்கான இடத்தில் ஓட விடாமல் பூட்டி வைத்தால் அவன் இரவில் ஒழுங்கையில் ஓடுவான். அங்கே தொழுதுவிட்டு வருகிற வயசாளிகள் நடப்பார்கள்.

பிறகு ஒரு விபத்து நடந்தால் 'ஒரு பொடியன்' என்று யாரும் எழுதமாட்டார்கள். 'சோனகத் தெருப் பொடியன்கள்' என்றுதான் எழுதுவார்கள். திரும்பி வந்து கொஞ்சப் பேர்தான் இருக்கிறோம். அந்தப் பெயரைக் கழுவ எத்தனை வருடம் எடுக்கும் என்று மற்ற எல்லோரையும் விட எங்களுக்குத் தெரியும்.

போஸ்டர் போட்ட தம்பிமாரே, உங்களோடு எங்களுக்குப் பகை இல்லை. உங்களில் இரண்டு பேருக்கு நாங்கள்தான் கணக்குப் படிப்பித்தோம், ஒருவன் அப்போதே கணக்கில் ஓட்டைதான். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ரேஸ் என்ற சொல்லையும் பரிசுக் காசையும் எடுங்கள். குடும்பத்தோடு வாருங்கள் என்ற வரியை இன்றைக்கே அழியுங்கள். பதினெட்டு வயதும் லைசன்ஸும் இல்லாதவன் சாவியைத் தொடக்கூடாது. மணல்காட்டுப் பங்குத்தந்தையையும் கடற்றொழிலாளர் சங்கத்தையும் பிரதேச செயலகத்தையும் போய்க் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், கொடி இல்லாத தனியார் கிறவல் காணி ஒன்றைச் சேர்ந்து தேடுவோம். காசு தருகிற வெளிநாட்டுக் காக்காவிடம் அதே காசுக்குப் பத்து நல்ல ஹெல்மட், பத்துச் சோடி முழங்கால் காப்பு கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அவருக்கு எதில் ஆசை என்று தெரிந்துவிடும்.

வருகிற வெள்ளி இஷாவுக்குப் பிறகு எங்கள் மெக்கானிக்கின் கடையில் இருப்போம். போஸ்டர் அடித்தவர்கள் வாருங்கள், திட்டுகிற ஹாஜியார்மாரும் வாருங்கள், கதிரை போட்டு வைப்போம். காறை எலும்பு முறிந்தவரும் வருவார். தோள் இன்னும் ஒரு பக்கம் கொஞ்சம் தாழத்தான் இருக்கிறது, கேட்டால் சேட்டைக் கழற்றிக் காட்டுவார்.