நெஞ்சுவலி ஊசி: பயத்தை விட உண்மை முக்கியம்

தமிழக அரசு 2023ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். குடும்பங்கள் தடுமாறுவது அடுத்த கட்டத்தில்தான். மாரடைப்பு என்று உறுதியாகி, இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வழியில்லை என்றால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நரம்பு வழியாகப் போட வேண்டும் என்கிறார் மருத்துவர். “மூளையில் ரத்தம் கசியலாம்” என்று சொல்லிக் கையெழுத்தும் கேட்கிறார். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளைப் போனில் தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது.

இந்தப் பயம் பொய்யல்ல. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிப்ளேஸ் போன்ற மருந்துகளுக்கு, இதயக் குழாயை அடைத்த கட்டி எது, உள்புண்ணை மூடியிருக்கும் கட்டி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஈறிலோ வயிற்றிலோ ரத்தம் கசியலாம். ஸ்ட்ரெப்டோகைனேஸால் ரத்த அழுத்தம் இறங்கலாம். காய்ச்சலும் ஒவ்வாமையும் வரலாம். மூளையில் கசிவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. முதியவர்களுக்கு அபாயம் கூடுதல்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 17,187 நோயாளிகளிடம் நடந்த ஐசிஸ்-2 ஆய்வு 1988ல் வெளிவந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஆஸ்பிரின் இரண்டும் பெறாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர். இரண்டும் பெற்றவர்களில் 8 பேர்.

இரண்டு தீங்குகள் எதிர்ப்படும்போது சிறியதை ஏற்றுப் பெரியதைத் தடுப்பது ஃபிக்ஹ் விதி. தாமதமும் ஒரு முடிவுதான். “அல்லாஹ் விட்ட வழி” என்று கைகட்டி நிற்பது தவக்குல் ஆகாது.

குடும்பத்தாரின் கடமை உண்மையை மறைக்காமல் சொல்வது. முன்பு வந்த பக்கவாதம், தலைக்காயம், சமீபத்திய அறுவை சிகிச்சை, வயிற்றுப்புண், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, முன்பே போட்ட ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஆகியவற்றைச் சொல்லுங்கள். சில நாட்களுக்குள் ஹிஜாமா செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆண்மைக்கான மாத்திரை சாப்பிட்டவர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரோகிளிசரினுடன் அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவரிடம் இதைச் சொல்வதில் மானக்கேடு எதுவுமில்லை.

வீட்டிலுள்ள பெரியவர்களின் நோய், மருந்து விவரங்களை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கையெழுத்துப் போடுபவர் யார் என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக.