‘முடியை மீட்கும்’ என்று லேபிள் ஒட்டாதீர்கள்

நம் மரபுச் சந்தைகளில் இப்போதெல்லாம் அரிசிக் கடையை விடக் கூந்தல் எண்ணெய்க் கடையில்தான் கூட்டம் நிற்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வரப்பில் கிடக்கும் கரிசலாங்கண்ணியும் வேலியோரச் செம்பருத்தியும் காசாகிறது என்றால் உழவனுக்கு நல்லதுதானே! என் வருத்தம் பாட்டிலில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பற்றியது. ‘சாயம் போட்டுப் பாழான முடியை முப்பதே நாளில் மீட்கும்’, ‘வேர் முதல் நுனி வரை புத்துயிர்’, ‘பக்க விளைவே கிடையாது’. உரக்கடைக்காரர் ஒருவர் தன் சரக்கைப் பற்றி இப்படிப் பேசினால் நாம் சும்மா விடுவோமா? நம் ஆள் எழுதினால் மட்டும் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வருகிறோம்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் மனுக்களைப் படித்தவன் நான். மனுவில் எழுதியிருப்பதற்கும் நிலத்தில் நிற்பதற்கும் உள்ள தூரத்தை அளப்பதுதான் அந்த உத்தியோகம். அதே கண்ணோடு இந்த லேபிள்களைப் பார்க்கிறேன். சாயத்தால் கெட்ட முடிக்கு இயற்கை முறையில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆனால் அது என்ன, எவ்வளவு என்பதை உள்ளது உள்ளபடி சொல்லித்தான் நாம் விற்க வேண்டும்.

சாயம் என்ன செய்கிறது?

முடியின் மேல்தோல் ஓட்டு வீட்டின் கூரை மாதிரி. ஒன்றன் மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருக்கும். அதன் மேல் மெல்லிய கொழுப்புப் பூச்சு ஒன்று உண்டு. முடி வழுவழுப்பாக இருப்பதும், தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காமல் இருப்பதும் அதனால்தான்.

கடையில் வாங்கும் நிரந்தரச் சாயத்தில் பெரும்பாலும் அம்மோனியாவோ அதைப் போன்ற இன்னொரு காரப் பொருளோ இருக்கும். அது செதில்களைத் தூக்கிவிடும். கூடவே வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே புகுந்து முடியின் சொந்த நிறத்தை வெளுக்கும். அதே பெராக்சைடு, பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாராபினைலின்டையமின் என்ற பொருளைக் கருநிறமாக மாற்றி உள்ளேயே பூட்டிவிடும். வேலை முடிந்தது, தலை கருத்தது. ஆனால் தூக்கிய ஓடு பழையபடி உட்காருவதில்லை. கொழுப்புப் பூச்சும் போய்விடுகிறது. அப்புறம் முடி சீக்கிரம் நனைகிறது, சீக்கிரம் காய்கிறது, சிக்கு விழுகிறது, நுனி பிளக்கிறது.

சிலருக்குப் பிபிடி ஒத்துக்கொள்ளாது. நெற்றி, காது, கண் இமை வீங்கும், தலை அரிக்கும், நீர் கோத்துக் கொப்புளம் வரும். இது ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த முறை அடங்கி வராது, இன்னும் பலமாக வரும். அவர்கள் அந்தச் சாயத்தை விட்டுவிடுவது ஒன்றே வழி. பிபிடி நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு. தலை அலசிய தண்ணீர் வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் போகிற வீடுகள் இதையும் யோசிக்க வேண்டும்.

வெளியே வந்த முடிக்கு உயிர் இல்லை

எந்த எண்ணெய் வியாபாரியும் இதைச் சொல்வதில்லை. தோலுக்கு உள்ளே இருக்கும் வேர்க்காலுக்குத்தான் உயிர் உண்டு. வெளியே நீண்டு நிற்கும் முடி, நகம் மாதிரி, உயிரில்லாத புரதம். பிளந்த நகம் தானாக ஒட்டுவதில்லை. வளர வளர வெட்டிவிடுகிறோம். பிளந்த நுனிமுடிக்கும் அதே கதைதான். எந்த மூலிகையும் அதை ஒட்ட வைக்காது.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். 30 சென்டிமீட்டர் நீள முடி முழுக்கக் கெட்டிருந்தால் அது புது முடியாக மாற இரண்டரை வருஷம் ஆகும். இதில் நமக்கு ஆச்சரியம் எதற்கு? ரசாயனம் போட்ட நிலத்தில் ஓராண்டுப் பயிருக்கு இயற்கைச் சான்றிதழ் வாங்க இரண்டு வருஷம் மாற்றக் காலம் என்று விதி இருக்கிறது. மண்ணுக்கு அவ்வளவு பொறுமை காட்டுகிற நாம், முடிக்கு மட்டும் முப்பது நாள் கெடு எழுதலாமா?

ஆக, மீட்பு என்பதற்குப் பொருள் மூன்றுதான். கெடுப்பதை நிறுத்துவது. கெட்ட முடி மேலும் உடையாமல் காப்பது. அடியிலிருந்து வரும் புது முடி நல்லபடி வளர இடம் கொடுப்பது. நம் பொருட்கள் உதவுவது இந்த மூன்றுக்குள்தான்.

கைவசம் இருப்பதில் எது உதவும்?

முதலில் தேங்காய் எண்ணெய். குளித்த பிறகு பூசுவதை விட, குளிப்பதற்கு முன்பே, முந்தின இரவிலோ சில மணி நேரம் முன்னாலோ பூசுங்கள். தேங்காய், சூரியகாந்தி, மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் ஓர் இந்திய ஆய்வு வெளியானது. வெளுக்கப்பட்ட முடியையும் சேர்த்துப் பார்த்தார்கள். அலசும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் காரணம் புரிகிறது. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் முடிக்குள் இறங்கக்கூடியது. மினரல் ஆயில் மேலேயே நின்றுவிடும். விளக்கெண்ணெயை மட்டும் தனியாகத் தலை நிறைய அப்பாதீர்கள். அது கெட்டி, கெட்ட முடியில் சிக்கை அதிகமாக்கும். பூசுவதானால் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் கலந்து பூசலாம்.

அடுத்தது சீயக்காய். சோப்பு காரத்தன்மை உள்ளது, தூக்கிய செதிலை இன்னும் தூக்கும். சீயக்காய் இலேசான புளிப்புத் தன்மை உடையது. ஆனால் கொரகொரப்பான பொடியை அப்படியே போட்டுத் தேய்த்தால் கெட்ட முடி அறுந்துதான் போகும். நன்றாகச் சலித்து, வடித்த கஞ்சியில் ஊற வைத்துக் குழைத்துத் தேய்ப்பதே நம் வீடுகளின் பழக்கம். அந்தக் கஞ்சிக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. அது முடியின் மேல் மெல்லப் படிந்து உராய்வைக் குறைக்கிறது.

மூன்றாவது, கொழகொழப்பு உள்ளவை. செம்பருத்தி இலை, ஊற வைத்து அரைத்த வெந்தயம், கற்றாழைச் சோறு. இவை முடிக்குள் போய் எதையும் கட்டுவதில்லை. மேலே படிந்து வழுக்கலைக் கொடுக்கின்றன. சீப்பு சிக்காமல் போகிறது, முடி அறுவது குறைகிறது. அது சின்ன விஷயம் இல்லைங்க. சாயம் போட்ட முடியில் பாதி சேதம் சீப்பிலும் துண்டிலும்தான் நடக்கிறது. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல் நோக்கிச் சிக்கெடுங்கள். ஈர முடியைத் துண்டால் அடித்து உலர்த்தாதீர்கள். எலுமிச்சைச் சாற்றைத் தலையில் பிழிந்துகொண்டு வெயிலில் நிற்காதீர்கள். முடி இன்னும் வறண்டு போகும்.

புது முடி தட்டிலிருந்து வருகிறது. பயறு, கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை. முட்டையைத் தலையில் பூசுவதை விடத் தின்பது லாபம். கொத்துக் கொத்தாக முடி கொட்டினாலோ, வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் புண்ணானாலோ எண்ணெய் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிறம் வேண்டும் என்பவர்களுக்கு

நரைத்த தலையோடு வயலில் நிற்பதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நிறம் வேண்டும் என்று கேட்பவரை நாம் கேலி செய்யக் கூடாது. அவர்களுக்கு மருதாணியும் அவுரியும் இருக்கின்றன.

மருதாணி மட்டும் போட்டால் நரை ஆரஞ்சுச் சிவப்பாகும். கருப்பாகாது, எந்தக் காலத்திலும் ஆகாது. கருமைக்கு அவுரி வேண்டும். முதலில் குழைத்துச் சில மணி நேரம் ஊறிய மருதாணியைப் பூசி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அலச வேண்டும். பிறகு அவுரி இலைப்பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தலையில் ஏற்றிவிட வேண்டும். ஆற வைத்தால் வீரியம் போய்விடும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து அலசலாம். நிறம் காற்றுப்பட்டு ஒன்றிரண்டு நாளில்தான் முழுதாக இறுகும். எதையும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்த பிறகே தலைக்குப் போங்கள். கைக்குழந்தைகளுக்கு மருதாணி வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

‘கருப்பு மருதாணி, பத்து நிமிடத்தில் கருமை’ என்று எழுதிய பொட்டலத்தை மட்டும் தொடாதீர்கள். பத்து நிமிடத்தில் கருக்கும் இலை உலகத்தில் கிடையாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே பிபிடிதான். சில பொட்டலங்களில் உலோக உப்பு கலந்திருக்கும். அது ஏறிய முடியில் பிற்பாடு பெராக்சைடு சாயம் போட்டால் சூடேறி முடியே பொசுங்கிப்போகலாம்.

உழவர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது. ஒரு காலத்தில் உலகத்தின் நீல நிறம் அவுரியிலிருந்து வந்தது. அந்தப் பயிரைக் கட்டாயமாகத் திணித்ததை எதிர்த்துத்தான் 1859-இல் வங்காள உழவர்கள் எழுந்தார்கள்; 1917-இல் காந்தி சம்பாரணுக்குப் போனார். இடையில் 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, அவுரி விழுந்தது. அதே நிறுவனம்தான் 1913-இல் காற்றிலிருந்து அம்மோனியா செய்யும் ஆலையை ஓப்பாவில் திறந்தது. இன்றைய யூரியாவுக்கு அதுதான் தாய்வீடு. வயலுக்கு வந்த ரசாயனமும் சாயத்தொட்டிக்கு வந்த ரசாயனமும் ஒரே தெருவில் பிறந்தவை.

இப்போது அவுரி திரும்பி வருகிறது, யாரும் திணிக்காமல். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பயிரிடுகிறார்கள். பயறு வகைக் குடும்பம். வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணுக்கும் கொடுக்கும். இலையைப் பச்சை மாறாமல் சீக்கிரம் உலர்த்தி, ஈரம் படாமல் வைத்தால்தான் சாயம் நிற்கும். விதை வாங்குமுன் ஒரு எச்சரிக்கை. தென்மாவட்டங்களில் ‘அவுரி’ என்றால் பல இடங்களில் நிலாவிரை என்கிற பேதிக்கு எடுக்கும் இலை. நமக்கு வேண்டியது நீலி, சாய அவுரி. பெயரைக் கேட்டு ஏமாறாமல் செடியைப் பார்த்து வாங்குங்கள். மருதாணிக்குத் தனி நிலம் வேண்டாம், வேலி போதும். கரிசலாங்கண்ணிக்கு வேண்டியது களைக்கொல்லி படாத ஈர வரப்பு.

விற்கும்போது சட்டமும் இருக்கிறது. அழகுப் பொருளாகத் தயாரித்து விற்க உரிமம் வேண்டும். மருந்து என்று விற்றால் சித்த, ஆயுர்வேத உரிமம் வேண்டும். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ‘ஜே’ அட்டவணை என்று ஒன்று உண்டு. குணமாக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியல் அது. வழுக்கை, இளநரை, முடியின் நிறத்தை மாற்றுவது, புது முடி முளைக்க வைப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. நம் பாட்டில்களில் பாதி அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது!

சந்தை நடத்தும் குழுக்களுக்கு என் யோசனை இதுதான். கூந்தல் பொருள் எதுவானாலும் லேபிளில் நான்கு விவரம் கட்டாயம் என்று வையுங்கள்: உள்ளே என்னென்ன, எவ்வளவு, இலை எந்த ஊரில், எந்த மாதம் அறுத்தது, எப்படிப் பயன்படுத்துவது, யாருக்கு ஆகாது. ‘மீட்கும்’, ‘முளைக்க வைக்கும்’ என்ற சொற்கள் இருந்தால் கடை போட இடம் கொடுக்காதீர்கள். கொஞ்ச நாள் விற்பனை குறையத்தான் செய்யும். ஆனால் எண்ணெயில் ஒருமுறை ஏமாந்த அம்மா, அடுத்த வாரம் பக்கத்துக் கடையில் இருக்கும் நம் மாப்பிள்ளைச் சம்பாவையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அந்த நஷ்டத்தை எந்த எண்ணெய்க் கடையும் ஈடு செய்யாது.