ரோடியோக் குதிரை விற்பனைக்கு

அமெரிக்க மேற்கில், கயிறெறிந்து கன்று பிடிக்கும் ரோடியோப் போட்டிகளில் முதிர்ந்த காயடித்த குதிரையை, காட்டுப்பாதை உலாவுக்கு உகந்த சாது என்று விற்பதுண்டு. கன்றின் கழுத்தில் சுருக்கு விழுந்ததும் சட்டென நின்று, பின்னகர்ந்து கயிற்றை இறுக்கிப் பிடிப்பதே அது கற்ற கல்வி. சில நொடி வேலைதான். ஆனால் அந்த நிற்றல் ஒவ்வொன்றையும் தாங்கியவை பின்னங்கால் மூட்டுகள். மலையிறக்கத்திலும் அவற்றுக்கு வேலையுண்டு. மூட்டில் ஊசி போட்ட கணக்கை மறைத்து விற்பதை வணிகச் சாமர்த்தியம் என நாம் ஏற்பதற்கில்லை. அரங்கினுள் அடங்கி நடப்பது சாதுவென்பதற்குச் சான்றுமன்று. துணைக்குதிரையின்றி ஓடையைக் கடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைமாறிக் கைமாறித் தேயும் குதிரையின் கதையை அன்னா செவெல் 1877இலேயே ‘பிளாக் பியூட்டி’யில் குதிரையின் வாய்மொழியாகவே எழுதினார். (விளம்பரம் எழுதுவோர் படித்திருப்பார்களா, அறியோம்.) சில நாள் ஓட்டிப் பார்க்கக் குதிரையை விட்டுவைக்கும் விற்பனையாளர்களும் உண்டு, அவர்களுக்குச் சற்றுக் கூடுதல் விலை தரலாம்.