பி.காம். முடித்த கம்பெனி

தெரிந்த பையன் ஒருவன் வேலைக்கான விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தான். ‘ஒரு தடவை பார்த்துக் குடுங்க சார்.’ முதல் வரியே இப்படி: ‘ஹேவிங் கம்ப்ளீட்டட் பி.காம்., யுவர் கம்பெனி இஸ் மை ஃபர்ஸ்ட் சாய்ஸ்.’

‘பி.காம். முடிச்சது யாருப்பா?’

‘நான்தான் சார்.’

‘நீ எழுதியிருக்கிறதைப் பார்த்தா கம்பெனி முடிச்ச மாதிரி இருக்கே?’

சிரித்தான். அப்புறம் ஊரே சொல்வதைச் சொன்னான். ‘புரியுதுல்ல சார், போதாதா?’

இந்தப் ‘புரிஞ்சா போதும்’ கோஷ்டியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருக்குப் புரிஞ்சா போதும்? எழுதியவனுக்கா, சம்பளம் கொடுக்கிறவனுக்கா?

விஷயம் ரொம்பச் சின்னது. ‘இங்’ வாலோடு ஒரு சொற்றொடரை ஆரம்பித்து கமா போட்டால், கமாவுக்கு அடுத்து வருகிற ஆசாமிதான் அந்த வேலையைச் செய்தவர். கம்பெனி வந்தால் கம்பெனி. இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த கொடுமை என்று நினைக்காதீர்கள். ‘நான் வீட்டுக்குப் போய், அம்மா சாப்பாடு போட்டாள்’ என்று நீங்கள் சொல்வீர்களா? ‘போனதும்’ என்று தானாகவே மாற்றிக்கொள்வீர்கள். ‘செய்து’ என்கிற மாதிரி வினையெச்சம் வந்தால் இரண்டு வேலையையும் ஒரே ஆள்தான் செய்யவேண்டும் என்று நன்னூல் எப்போதோ சொல்லிவிட்டது. தமிழில் தடுமாறாத ஆள், இங்கிலீஷில் மட்டும் கம்பெனியைக் காலேஜுக்கு அனுப்புகிறார்.

காரணம், நமக்குச் சொல்லிக்கொடுத்த லட்சணம். பார்ட்டிசிபிள் என்றால் பாதி வினை, பாதி பெயரடை. ஜெரண்ட் என்றால் பாதி வினை, பாதி பெயர். ரென் அண்ட் மார்ட்டினை மனப்பாடம் செய்து ஒப்பித்தோம், மார்க் வாங்கினோம். ‘ஸ்டாப்டு ஸ்மோக்கிங்’ என்றால் சிகரெட்டை விட்டுவிட்டான், ‘ஸ்டாப்டு டு ஸ்மோக்’ என்றால் சிகரெட் பிடிக்க வண்டியை நிறுத்தினான் என்று எந்த வாத்தியாராவது உங்களுக்குச் சொன்னாரா? ஆனால் ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவில் ஒரு வார்த்தை நுழைந்துவிட்டால் மட்டும் பிரம்பைத் தூக்குவார்கள். தெளிவுக்காகத் தேவையென்றால் நுழைக்கலாம் என்று இங்கிலாந்தின் ஃபவுலரே 1926-ல் எழுதிவிட்டார். தகவல் நம்மூர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து சேரவில்லை போல.

சரி, இதனால் யார் குடி முழுகிவிட்டது என்கிறீர்களா? அமெரிக்காவில் மெய்ன் என்று ஒரு மாநிலம். அங்கே ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்கிற பால் கம்பெனியின் லாரி டிரைவர்கள் ஓவர்டைம் கேட்டு 2014-ல் வழக்குப் போட்டார்கள். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரைப் பங்கு கூலி கொடுக்கவேண்டும், சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு என்பது அந்த மாநிலச் சட்டம். விலக்குப் பட்டியலைப் பாருங்கள். கேனிங், ப்ராசஸிங், ப்ரிசர்விங், ஃப்ரீஸிங், ட்ரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்.

கடைசியில் ‘ஷிப்மென்ட்’டுக்குப் பிறகு கமா இல்லை. கம்பெனி என்ன சொன்னது? ‘டிஸ்ட்ரிப்யூஷன் தனி வேலை. நீங்கள் அதைத்தான் செய்கிறீர்கள். ஓவர்டைம் கிடையாது.’ டிரைவர்கள் தரப்பு சொன்னது: ‘பட்டியலில் உள்ள வேலை எல்லாம் இங், இங் என்று முடிகிறது. டிஸ்ட்ரிப்யூஷன் மட்டும் முடியவில்லையே? ஷிப்மென்ட்டும் அதுவும் ஒரே ஜாதி. இரண்டுமே பேக்கிங்கோடு சேர்ந்தவை. நாங்கள் பேக்கிங் செய்வதில்லை.’

வக்கீல் வாதத்தில் ஜெரண்ட்! கீழ்க்கோர்ட்டில் கம்பெனி ஜெயித்தது. அப்பீல் கோர்ட் 2017 மார்ச்சில் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. சட்டம் இரண்டு விதமாகவும் படிக்க இடம் கொடுக்கிறது, சந்தேகம் வந்தால் பலன் தொழிலாளிக்கே என்றது. 2018-ல் கம்பெனி 50 லட்சம் டாலருக்கு சமரசம் பேசி முடித்தது. சட்டசபை என்ன செய்தது தெரியுமா? கமாக்களை எல்லாம் செமிகோலன் ஆக்கி, ‘டிஸ்ட்ரிப்யூஷனை’ ‘டிஸ்ட்ரிப்யூட்டிங்’ ஆக்கிவிட்டது. புரிஞ்சா போதும் என்று அவர்கள் இருக்கவில்லை.

நம்மூர் சர்க்குலரையும் பாருங்கள். ‘ஸ்டூடண்ட்ஸ் ஹேவிங் அரியர்ஸ் வில் நாட் பி அலவ்டு’ என்றால் பாக்கி வைத்தவர்களுக்கு மட்டும் தடை. ‘ஸ்டூடண்ட்ஸ்’ஸுக்கும் ‘அரியர்ஸ்’ஸுக்கும் பின்னால் அழகுக்காக ஆளுக்கொரு கமா வையுங்கள். எல்லா மாணவர்களும் பாக்கிதாரர்கள், எல்லாருக்கும் கேட் சாத்தியாச்சு!

நானும் யோக்கியன் இல்லை. பி.காம். படிக்கும்போது வணிகக் கடிதம் என்று எத்தனையோ எழுதினேன். எல்லாவற்றின் அடியிலும் ‘தேங்கிங் யூ,’ அதற்குக் கீழே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. நன்றி சொல்வது யார்? பழைய கடிதங்களில் ‘தேங்கிங் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று இருந்தது. அந்த ‘ஐ’தான் நன்றி சொன்ன ஆள். ஆளை வெட்டிவிட்டோம், கமாவை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். ‘ஹேவிங் கம்ப்ளீட்டட் பி.காம்., ஐ விஷ் டு அப்ளை...’ என்று முதல் வரியை அவனே மாற்றிவிட்டான். ‘அப்படியே கீழே அந்தத் தேங்கிங் யூவை எடுத்துட்டு, ஐ தேங்க் யூன்னு போடுப்பா’ என்றேன்.

‘அது மட்டும் இருக்கட்டும் சார். அது இல்லேன்னா லெட்டர் மாதிரியே இல்லை.’