முத்தம்மாளும் மோடி எழுத்தும்

ஒரத்தநாட்டு முத்தம்மாள் அறச்சாலையை அறியாதார் தஞ்சைப் பகுதியில் அரியர். இரண்டாம் சரபோசி மன்னன் தன் காதற்கிழத்தியின் பெயரால் எடுப்பித்த அச்சாலை 1802-இல் செயற்படத் தொடங்கிற்று. உயிர் பிரியுந் தறுவாயில் அவள் கேட்டுக்கொண்டபடியே அது எழுந்தது என்பது ஊர்வழக்கு. அரசாவணங்களில் அவள் பெயர் முக்தாம்பாள். ஊரின் பெயர் முக்தாம்பாள்புரம். நம் உழவரோ அவளை முத்தம்மாள் ஆக்கினர். ஊரை ஒரத்தநாடாகவே வைத்துக்கொண்டனர். 'முத்து' என்னும் தென்சொல்லே வடக்கே சென்று 'முக்தா' ஆயிற்று என்பது நம் அறிஞர் கொள்கை. போன பொருள் வீடு திரும்பியது! மறைமலையடிகளார் 1916-இல் தனித்தமிழ் இயக்கங் காண்பதற்கு முன்னரே ஏட்டறிவில்லா நாவுகள் ஆற்றிய பணி இது.

எனினும், அவளைப் பற்றி நாம் அறிந்தது என்ன? பெயரும் சாவுமே. அவள் பிறந்தகம் யாது, உடன்பிறந்தார் யாவர், மணங்கொண்ட அரசியர் நடுவே அவள் எங்ஙனம் வாழ்ந்தாள் என்று எந்த மாணவனைக் கேட்பினும் விடையில்லை. நீடாமங்கலத்து யமுனாம்பாளுக்கும் இதே நிலைதான்.

சேதுநாட்டு மகளின் வரலாற்றை இதனோடு ஒப்பிடுக. செல்லமுத்து சேதுபதியின் மகளாய் 1730-இல் பிறந்த வேலு நாச்சியார், 1746-இல் சிவகங்கை முத்துவடுகநாதரை மணந்தார். சேதுநாட்டினின்று பிரிந்த நாடே சிவகங்கை. அதன் முதல் மன்னர் சசிவர்ணரும் சேதுபதி மகளையே மணந்தவர். பிரிந்த இரு நாடுகளைக் கட்டிய கயிறு பெண்மக்களே. 1772 சூன் திங்களில் ஆர்க்காட்டு நவாபும் கும்பினியாரும் முதலில் இராமநாதபுரத்தைப் பிடித்தனர். அத்திங்கள் முடியுமுன் காளையார்கோயிலில் முத்துவடுகநாதரைக் கொன்றனர். பிறந்தகமும் புகுந்தகமும் ஒரே திங்களில் வீழ்ந்தன. மகள் வெள்ளச்சியோடு விருப்பாட்சி சென்று, ஐதரலியின் துணைபெற்று, 1780-இல் நாட்டை மீட்டார் அவ்வம்மையார். இவ்வளவும் நாம் அறிவோம், ஏன்? அவர் வரலாறு நம் மொழியில் நமக்குக் கிட்டியது.

தஞ்சை அரசமகளிர் வாழ்வோ மோடி எழுத்தில் முடங்கிக் கிடக்கிறது. மேற்கோடொன்று நீள இழுத்து, அதன்கீழ்க் கையெடாது விரைந்தெழுதும் மராட்டிய எழுத்து அது. வீட்டுச் செலவு, மணம், மகப்பேறு, கொடை அனைத்தும் அதிலே உள. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989-இல் மோடி ஆவணத் தமிழாக்கம் வெளியிட்டது. அது நன்று, ஆயின் படிக்கப்படாத கட்டுகள் இன்னும் மிகப்பல. படிக்கவல்லாரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

"மராட்டியன் எழுத்தைத் தமிழன் ஏன் கற்கவேண்டும்?" என்று நம்மவரே வினவுவர். நானும் இளமையில் அங்ஙனம் வினவியவனே. அவ்வறச்சாலைகளில் உண்டவர் யார்? எக்குலத்தார்க்கும் சோறும், நோயுற்றார்க்கு மருந்தும், கருவுற்ற பெண்டிர்க்குப் பேணுதலும் நிகழ்ந்தன எனச் சரபோசி 1801-இல் கும்பினியாருக்கு மடல் எழுதினான். சோற்று நெல் காவிரி நெல், விளைத்தவன் தமிழன். கணக்கு மட்டும் அயலெழுத்தில். அதை நாம் படியாவிடின், பிறர் படித்துச் சொல்வதே நம் வரலாறாகும். பிறமொழியை வழிபடுதல் வேறு. அதன் பூட்டைத் திறந்து நம் பொருளை எடுத்துக்கொள்ளுதல் வேறு.

தஞ்சைப் பகுதித் தமிழ்மன்றங்கள் ஒவ்வொன்றும் இளைஞர் இருவரை மோடி பயில விடுக்கட்டும். ஒரத்தநாட்டு மன்றம் முதலில் தேடவேண்டிய கட்டு, முத்தம்மாள் பெயர் வரும் கட்டு.