எது குத்துப் பாட்டு?

போன பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்கள் அந்த அரை மணி நேரத்தை மறந்திருக்க மாட்டார்கள். குளிருக்குப் பயந்து வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பரதநாட்டியம், பட்டிமன்றம், குழந்தைகளின் மாறுவேடப் போட்டி எல்லாம் முடிந்து, பந்திக்கு முன்னால் 30 நிமிடம் "யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம்" என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தோம். பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அடியேனுக்கு. 34 வருடம் சர்க்கார் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் அல்லவா, முதல் காரியமாக ஒரு விதி எழுதினேன்: சினிமாப் பாட்டு கூடாது, அசல் கிராமியப் பாட்டு மட்டும். ஏற்றப் பாட்டு, தெம்மாங்கு, நடவுப் பாட்டு என்று தேடித் தேடிச் சேர்த்தேன்.

ஒருவர் எழுந்திருக்கவில்லை. பாட்டுகளைக் குற்றம் சொல்ல முடியாது. ஏற்றப் பாட்டு தண்ணீர் இறைக்கிறவன் மூச்சுக்கு அமைந்தது. ஸ்வெட்டரும் குல்லாயுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் காலை அது என்ன செய்யும்? பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த பையன்கள் தங்கள் கைபேசியை ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டார்கள்.

முதலில், விருந்தினராக வந்திருந்த பஞ்சாபி நண்பர் ஒருவர், நம்மை மகிழ்விக்கும் நல்லெண்ணத்தில் "ஆப்கா காணா" என்று சொல்லி, 2013இல் வந்த 'சென்னை எக்ஸ்பிரஸ்' இந்திப் படத்தின் 'லுங்கி டான்ஸ்' பாட்டைக் கேட்டார். கூட்டம் எழுந்தது, கையைத் தூக்கியது. இரண்டு நிமிடத்தில் பாதிப் பேர் ஆட்டத்தை விட்டுவிட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து யாரோ 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' படப் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். முன்வரிசையில் சால்வை போர்த்திக்கொண்டிருந்த, எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, முழங்கால் வலிக்குத் தினம் மாத்திரை சாப்பிடுகிறவர், செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தார். கைபேசிகள் தானாகவே பைக்குள் போயின.

மறுவாரம் செயற்குழுவில் சண்டை. "குத்துப் பாட்டுப் போட்டு விழாவைக் கெடுத்தாயிற்று" என்றார் ஒருவர். "அது குத்தே இல்லை, கிராமிய இசை. குத்து என்பது 2000க்குப் பிறகு வந்த சரக்கு" என்றார் இன்னொருவர். "சத்தமா இருந்தா குத்து, அவ்வளவுதான் அங்கிள்" என்றான் கைபேசிப் பையன். இந்தப் பொங்கலுக்கு என்ன செய்வது என்று பொதுக்குழு முடிவு செய்யுமுன் என் கட்சியையும் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். விதி எழுதிய குற்றவாளிக்கும் பேச உரிமை உண்டு.

இதே வழக்கு உலகத்தில் வேறொரு கோர்ட்டிலும் நடக்கிறது என்று சொன்னவள் என் மகள். ஞாயிறு மாலைகளில் அவள் ஸ்விங் நடனம் கற்றுக்கொள்ளப் போகிறாள். ஜோடி ஜோடியாக ஆடுகிற அமெரிக்க ஆட்டம். (எனக்கு ஆரம்பத்தில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கவில்லை.) "அப்பா, அங்கேயும் எது ஸ்விங் பாட்டு, எது இல்லைன்னு எப்பவும் தகராறுதான்" என்றாள். கேட்டுத் தெரிந்துகொண்டேன். சில இடங்களில் நம் கதையையே கேட்கிற மாதிரி இருந்தது.

நியூயார்க்கில் ஹார்லெம் என்னும் கறுப்பர் பகுதியில் சவாய் என்று ஒரு நடன மண்டபம் இருந்தது. 1926இல் திறந்து 1958இல் மூடினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆட முடிந்த அபூர்வமான இடம். இசை நிற்கவே கூடாது என்பதற்காக இரண்டு மேடைகள். ஒரு குழு ஓயும்போது மறு குழு எடுத்துக்கொள்ளும். அந்த மண்டபத்தின் சொந்தக் குழுவுக்குத் தலைவர் சிக் வெப். சிறு வயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் கூன் விழுந்த, குள்ளமான மனிதர். வாசித்தது டிரம். 1937 மே மாதம், 'ஸ்விங் அரசர்' என்று புகழ் பெற்றிருந்த வெள்ளைக்காரர் பென்னி குட்மன் தம் குழுவோடு அங்கே போட்டிக்கு வந்தார். வந்திருந்த கூட்டம் வெப் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லிற்று. அந்த மண்டபத்தில் ஆடிப் பெயர் வாங்கிய ஃபிராங்கி மானிங் என்பவர் போருக்குப் பிறகு 30 வருடம் தபால் இலாகாவில் வேலை பார்த்தார் என்று கேட்டபோது எனக்கு அவர் நம் ஆர்.கே.புரம் குடியிருப்புக்காரர் போலவே ஆகிவிட்டார். 1980களில் எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் அவரைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த ஆட்டம் திரும்பவும் உலகம் சுற்ற ஆரம்பித்தது.

ஆட்டம் சுற்ற ஆரம்பித்ததும் தகராறும் சுற்றிற்று. 1930, 40களில் பதிவான பெரிய வாத்தியக் குழுக்களின் பாட்டுகள் மட்டுமே ஸ்விங் என்று ஒரு கட்சி. 1998இல் அமெரிக்காவில் ஒரு துணிக்கடை விளம்பரத்தில் இந்த ஆட்டத்தைக் காட்டப்போக, மோகம் பிடித்துக்கொண்டது. தொப்பியும் தோள்பட்டை வாரும் மாட்டிக்கொண்டு மின்சார கித்தார் வாசித்ததும் ஸ்விங் என்ற பெயரில் விற்றது. பிற்பாடு, பழைய இசைத்தட்டிலிருந்து நாலு துண்டை வெட்டி, கீழே இயந்திரத் தாளத்தை ஓடவிட்டு அதற்கும் அதே பெயர். ஆடுகிறவர்கள் பலர் இந்தக் கடைசிச் சரக்கை ஏற்பதில்லை. "உடுப்பு பழசு, நடை வேற" என்றாள் மகள். எனக்கு நம் லுங்கி நினைவுக்கு வந்தது.

நடை என்று அவள் சொன்னதை எனக்குப் பாட்டுப் போட்டே காட்டினாள். சின்ன வயதில் இரண்டு வருடம் மிருதங்கம் தட்டியவன் நான். அந்தக் காது இன்னும் முழுதாகப் போகவில்லை. ஸ்விங் என்பது வேறொன்றுமில்லை, ஒவ்வொரு அடிக்குள்ளும் ஒரு 'தகிட' இருக்கிறது. ஆனால் நடுவில் உள்ள 'கி' வாய் திறப்பதில்லை. 'த...ட த...ட' என்று ஒன்று நீண்டு ஒன்று குறுகி, நொண்டியடித்துக்கொண்டே போகும். வேகம் கூடக் கூட அந்த நொண்டல் குறைந்து இரண்டும் சமமாகிக்கொண்டே வரும். நம் குத்து? பறையோ தவிலோ பம்பையோ, எதில் வாசித்தாலும் இரண்டு அடி, அடிக்கு மூன்றாக ஆறு. 'தகிட தகிட.' இங்கே மூன்றும் வாய் திறந்து பேசுகின்றன, அதிலும் ஒன்று உரக்க. எட்டாயிரம் மைலுக்கு மேல் தள்ளியிருக்கிற இரண்டு ஊர்க்காரர்களும் காலைக் கிளப்ப மூன்றைத்தான் நம்பியிருக்கிறார்கள். 'லுங்கி டான்'ஸில் என் கால் தேடியது இந்தத் தகிடவை. கிடைத்தது தகதிமி. அது கெட்ட பாட்டு என்று சொல்லவில்லை. ரஜினிகாந்துக்கு வணக்கம் சொல்லி இந்தியில் வந்த பாட்டு, சந்தோஷம்தான். ஆனால் குத்தின் வேட்டியைக் கட்டிக்கொண்டால் குத்து ஆகிவிடாது.

இதுவரை எழுதி, இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன மாதம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன்.

டெல்லித் தமிழனுக்கு அந்த மார்க்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மெட்ரோ வருவதற்கு முன்பு இரண்டு பஸ் மாறி, முருங்கைக்காய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் வாழை இலைக்கும் அங்கே போகாத குடும்பம் உண்டா? மீன் கடை வாடையையும் காப்பிப்பொடி வாசனையையும் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு நிற்கிற இடம். (பெயர் நேதாஜியின் படையினுடையது. அந்தப் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம் என்பதைக் கறிகாய் வாங்கும்போது யாரும் நினைப்பதில்லை.) அன்றைக்குக் கடையில் கூட்டமில்லை. கடைப் பையன் காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு விரலால் அடித்துக்கொண்டிருந்தான். தகிட தகிட. தலையில் கூடையோடு வந்த பீகார்க்காரச் சுமையாளுக்கு நடையே மாறிவிட்டது. கூடை அசையவில்லை, தோள் மட்டும் ஆடிற்று. எதிர்க்கடைச் சர்தார்ஜி எடைக்கல்லை வைத்துவிட்டு ஒரு கையைத் தூக்கினார். அதில் ஆச்சரியமில்லை. பாங்க்ராவுக்கு டோலில் அடிக்கிற அடியும் நேராக நடப்பதில்லை, அதுவும் நொண்டுகிற ஜாதிதான்.

நான் கவனித்தது வேறு. சுமையாள் கூடையை இறக்க நின்றதும் பையனின் விரல் தணிந்தது. இறக்கி நிமிர்ந்ததும் ஓர் அடி கூடுதலாக விழுந்தது, 'வா' என்பது போல. சுமையாள் சிரித்துவிட்டு இரண்டு சுற்றுச் சுற்றினான்.

"தம்பி, எந்த ஊர்?"

"தேனிப் பக்கம் சார்."

"இது என்ன அடி?"

"சும்மா சார், ஊர்த் திருவிழா அடி. ஆடுறவங்களைப் பாத்துத்தான் அடிக்கணும். அவங்க காலு எங்க இருக்குன்னு பாக்காம அடிச்சா எங்க மாமா வைவாரு."

முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். செயற்குழுவில் நாங்கள் மூன்று மணி நேரம் அடித்துக்கொண்டது இதற்காகவா? எந்த வருடத்துப் பாட்டு, சினிமாவா கிராமியமா, எவ்வளவு சத்தம் என்று லேபிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடுகிறவன் காலைப் பார்த்துப் பதில் சொல்கிற தாளம்தான் குத்து. சவாய் மண்டபத்தில் சிக் வெப்பின் குழு செய்ததும் அதுதான், ஆடுகிறவர்களைப் பார்த்து வாசித்ததும் வாசிப்பைக் கேட்டு ஆடியதும். பாட்டியை எழுப்பிய சினிமாப் பாட்டில் அந்தப் பேச்சின் எதிரொலி இருந்தது, அதனால் எழுந்தார். எதிரொலி என்றுதான் சொல்வேன். கைபேசிக்கு அவருடைய முழங்கால் வலி தெரியாது.

இனிமேல் எழுதப்போவது எனக்குச் சுலபமானதல்ல.

நாலு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு ஊரிலிருந்து பறைக் குழுவை அழைக்கலாம் என்று நம் இளைஞர்கள் யோசனை சொன்னார்கள். எதிர்த்தவன் நான். "ஹாலுக்குள் சத்தம் தாங்காது, பக்கத்தில் குடியிருப்பவர்கள் புகார் கொடுப்பார்கள்" என்று குறிப்பில் எழுதினேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதே ஹாலில் மறு மாதம் இரண்டு தவில் வைத்து மங்கல இசை நடந்தது. அதற்கு நானே வரவேற்புரை ஆற்றினேன். தவில் மெதுவாகவா ஒலிக்கும்?

சத்தம் காரணமல்ல. தஞ்சை ஜில்லாவில் என் கிராமத்தில் பறை என்றால் சாவு. அடிக்கிறவர்கள் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார்கள், முனையிலேயே நிற்பார்கள். அது ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டெல்லி வந்து, மூன்று குடியிருப்பு மாறி, கடைசியில் 'அசல் கிராமியப் பாட்டு மட்டும்' என்று விதியும் எழுதிவிட்டேன். கிராமியம் வேண்டும், அதை வாசித்த கைகள் வேண்டாம் என்பதுதான் அந்த விதியின் உள் அர்த்தம். மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பறைக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நானும் கை தட்டினேன். விருது வந்த பிறகு கை தட்டுவது ரொம்பச் சுலபம்.

ஸ்விங்கிலும் இது நடந்திருக்கிறது. அரசர் பட்டம் யாருக்குப் போயிற்று, தபால் மூட்டை யார் பிரித்தார் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

ஆகையால் பொதுக்குழுவுக்கு என் யோசனை. என் பழைய விதியை ரத்து செய்துவிடலாம். சினிமாப் பாட்டா இல்லையா என்று பார்க்க வேண்டாம். பட்டியல் போடுகிறவர் முதலில் எழுந்து நின்று ஆடிப் பார்க்கட்டும், கால் ஒப்புக்கொண்டால் சேர்க்கட்டும். 'லுங்கி டான்ஸ்' கேட்கிற நண்பருக்கு ஒரு தடவை அதையும் போடலாம், விருந்தாளி அல்லவா. ஆனால் கைபேசிக்கு முன்னால், அந்த அரை மணியில் முதல் 15 நிமிடமாவது, பறை நேரில் ஒலிக்க வேண்டும்.

ஹாலில் வேண்டாம், போகி சாயங்காலம் குடியிருப்புப் பூங்காவில் வைத்துக்கொள்ளலாம். பறையின் தோல் விறைப்பாக இருக்க நெருப்பில் காய்ச்ச வேண்டும். ஜனவரி டெல்லிக் குளிரில் அடிக்கடி காய்ச்ச வேண்டியிருக்கும். ஹாலுக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். நம் போகியும் பஞ்சாபிகளின் லோஹ்ரியும் அநேகமாக ஒரே நாள். அவர்கள் எப்படியும் பூங்காவில் தீ வளர்த்து டோலோடு நிற்பார்கள். அந்தத் தீயிலேயே காய்ச்சிக்கொள்ளலாம். லோஹ்ரிக் குழுவில் இருக்கும் நண்பரிடம் கேட்டேன், "நெருப்பு எல்லாருக்கும்தானே, வாங்க" என்றார்.

டின் அடித்த தம்பியின் மாமா தேனியில் பறை வாசிக்கிறவராம். தொலைபேசியில் பேசினேன். நாலு பேர் வருவார்கள். போக வர ரயில் கட்டணம், இரண்டு நாள் தங்க இடம், கம்பளி, நாம் பாட்டுக் கச்சேரிக்குக் கொடுக்கிற அதே சன்மானம், ஒரு ரூபாய் குறையாமல். தங்குவதற்கு என் வீட்டு மாடி அறை இருக்கிறது. மதுரையிலிருந்து நிஜாமுதீன் வரும் சம்பர்க் கிராந்தியில் 60 நாளுக்கு முன்பு முன்பதிவு திறக்கும். அதாவது நவம்பர் இரண்டாம் வாரம். பொதுக்குழுவை அதற்கு முன் கூட்டும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.